அரை உப்புக் கல்யாணம்

என் மாமனாருக்கு வாய் கோணியபோது நான் சிரித்தேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு எழுதலாம் என்று தள்ளிவைத்தால் எழுதாமலேயே விட்டுவிடுவேன்.

என் மகளுக்கு அப்போது பதினோரு மாதம். மாமா சாப்பிட உட்காரும்போது அவளையும் எதிரே உட்காரவைத்துக்கொள்வார். தமக்கு ஒரு வாய் சோறு, அவளுக்கு ஒரு கோணல் முகம். கண்ணை உருட்டுவார், கன்னத்தை ஊதிக்கொள்வார், மூக்கைச் சுளிப்பார். அவள் கைதட்டிக் கெக்கலிப்பாள். அன்று மத்தியானம் அவருடைய வாயின் இடதுபக்கம் மெல்லத் தாழ்ந்தது. புளிக்கறி பிசைந்த சோறு அந்தப் பக்கமாக வழிந்து இலையில் விழுந்தது. "ளா... ளளா..." என்றார். புது வித்தை என்று பிள்ளை சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவருடைய இடது கை மடியிலிருந்து நழுவித் தரையில் ஈரத்துணி மாதிரிக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் என் சிரிப்பு நின்றது.

ஓர் உலை கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை, எல்லாம் சரியாகிவிட்டது. வாய் நேரானது, கை மடங்கியது. எழுந்து வாய் கொப்பளித்துவிட்டு, "எதுக்கு எல்லாரும் பொணத்தைப் பாக்குதமாதிரி பாக்குதியோ?" என்று கேட்டார்.

வாயு என்றார் என் மாமியாரான அத்தை. இஞ்சியும் பூண்டும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்தார். எனக்கு மனது ஆறவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப்போய்ச் சாத்தினோமா என்று பார்க்கிற ஜாதி நான். பிள்ளை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்து அவளை எழுப்பிவிடுவேன். மிஷன் பெண்கள் பள்ளியில் சுகாதாரப் பாடத்தில் மூளையின் படம் ஒன்று இருந்தது. சிவப்பு நூல்களால் கட்டிய அக்ரோட்டுப் பருப்பு மாதிரி இருக்கும். கண்ணை மூடினால் அந்தப் படம்தான் வந்தது. என் கணவர் திருவனந்தபுரத்தில் குமாஸ்தா, மாதம் ஒருமுறைதான் வருவார். ஆகவே நானே மாமாவிடம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நச்சரித்தேன். அவர் சம்மதித்ததற்கு ஒரே காரணம், புதிதாக ஓடத் தொடங்கியிருந்த மோட்டார் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார வேண்டும் என்று அவருக்கு இருந்த ஆசைதான்.

டாக்டர் அவர் கையில் ரப்பர் பை ஒன்றைச் சுற்றிக் காற்றடித்தார். கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறிற்று. மாமா அதை, மரமேறுகிறவனைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தார். "கொள்ளாமே, நல்லா ஏறுதே!" என்று அவருக்குப் பெருமை. டாக்டருக்கு முகம் சரியில்லை.

"வயல் உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு."

"வாய்க்காலில் தண்ணீர் ஓயாமல் பலமாக மோதினால்?"

"கரை ஒடையும்."

"மடையில் சருகு அடைத்துக்கொண்டால்?"

"கீழ்வயல் காஞ்சு போவும்."

"உங்கள் தலைக்குள்ளும் அதுதான் கதை. அன்றைக்கு அடைத்தது தானாக விலகிவிட்டது. அடுத்த முறை விலகும் என்று நான் சொல்லமாட்டேன். கை போகலாம், பேச்சு போகலாம்."

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். உப்பைப் பாதியாக்கு, ஊறுகாயும் கருவாடும் வேண்டாம், புகையிலையை நிறுத்தச்சொல், தினமும் நடக்கச்சொல், வயிறு குறையட்டும். சந்தேகம் வந்தால் இரண்டு கையையும் தூக்கச் சொல்லிப் பார், பல்லைக் காட்டச் சொல், ஏதாவது பேசச் சொல். ஒருபக்கம் தாழ்ந்தால் உடனே கொண்டுவா. நான் படித்த பெண் என்பதால் ஒரு கேள்வி கேட்டேன். "கொண்டுவந்தால் என்ன செய்வீர்கள்?" அவர் ரப்பர் பையை மடித்துப் பெட்டியில் வைத்தார். "செய்வதற்கு அதிகமில்லை, அம்மா. அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்."

திரும்பும்போது மாமாவுக்கு முன்சீட்டு கிடைக்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. "உப்பில்லாம தின்ன நான் மாடா? மாட்டுக்கே தவிட்டுல உப்புப் போடுதோம்!"

மற்ற யாரிடமாவது உப்பைக் குறை என்றால் அது வெறும் பத்தியம். மாமாவிடம் அப்படியில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணச் சமையல் செய்கிறவர்களைத் தவசிப்பிள்ளை என்போம். தோவாளையைச் சுற்றி எந்தக் கல்யாணமானாலும் தவசிப்பிள்ளை உப்பில் முக்கால் பங்கைத்தான் போடுவார். மீதியை மாமா வந்து சொல்ல வேண்டும். சமையல் கொட்டகையான ஆக்குப்புரைக்குள் மாமா நுழைந்தால் விறகு முறிக்கிறவன்கூட நிறுத்திவிடுவான். உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவார்கள். நக்கிக் கண்ணை மூடுவார். பிறகு விரல் தூக்குவார். இரண்டு விரல் என்றால் இரண்டு கை உப்பு. மடக்கிய விரல் என்றால் அரைக் கை. அவர் சொல்லி ஒரு பந்தியிலும் கூடியதில்லை, குறைந்ததில்லை. அந்த நாக்குக்குத்தான் நான் பத்தியம் வைக்க வேண்டியிருந்தது.

நேராகச் சொன்னால் நடக்காது. ஆகவே கள்ளத்தனமாகத் தொடங்கினேன். முதல் வாரம் ஒரு சிட்டிகை குறைத்தேன். அடுத்த வாரம் இன்னொன்று. அவருக்குப் போட்ட பிறகு எங்களுக்கான கறியில் மீதி உப்பைக் கலந்துகொள்வோம். நார்த்தங்காய் ஊறுகாயைத் தண்ணீரில் மூன்றுமுறை அலசி, பிழிந்து, மேலே மிளகாய்ப்பொடி தூவி வைப்பேன். அத்தை முதல்நாள் அதைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஊறுகாயைக் குளிப்பாட்டுதியா? நாளைக்குப் பப்படத்துக்குத் தலை சீவுவியா?" என்றார். ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை.

அத்தை என் பக்கம் சேர்ந்ததற்கு வேறொரு காரணம் உண்டு. மாமாவை நடக்கவைக்க வேண்டுமே. அத்தைக்குப் பூ வேண்டும் என்று காலையில் தோவாளைப் பூச்சந்தைக்கு அனுப்பினேன். போக ஒரு மைல், வர ஒரு மைல். அத்தை தலையில் பூ வைத்துப் பல வருஷமாகியிருந்தது. முதல்நாள் மாமா தாமரை இலையில் பிச்சிப்பூவைக் கட்டிக்கொண்டு வந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் உரலின்மேல் வைத்துவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் கையில் கொடுத்தார். தெருவில், "அண்ணாச்சி, இந்த வயசுல புதுமாப்பிள்ளையா?" என்று கேலி செய்தார்கள். அத்தை வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, மருமகள் பார்க்கக்கூடாத சிரிப்பு அது.

புகையிலையை மட்டும் அவரே விட்டார். பிள்ளை அவர் வாய்க்குள் கையை விட்டு அதை எடுத்துத் தின்னப் பார்த்த அன்று, தாம்பூலத்தோடு முற்றத்தில் துப்பினார். பிறகு நான்கு நாள் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தார். கோபப்பட்டால் ரத்த அழுத்தம் ஏறுமோ, புகையிலையைத் தின்றே இருக்கலாமோ என்று நான் அந்த நான்கு நாளும் புழுங்கினேன்.

கையைத் தூக்கிப் பார்க்கும் சோதனைக்கும் ஒரு வழி கண்டேன். காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டிக் கொண்டுபோய், "மாமா, தலைக்குமேல தூக்குங்க, அவளுக்கு இஷ்டம்" என்பேன். இரண்டு கையாலும் தூக்குவார். அவள் சிரிப்பாள், அவரும் பல்லைக் காட்டுவார். நான் பின்னால் நின்று இரண்டு முழங்கையும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒருநாள் ஒரு கை தாழ்ந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. பிள்ளை ஒருபக்கம் மூத்திரம் பெய்ததால் அவர் சாய்த்துப் பிடித்திருந்தார்.

மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரியில் பாதரசம் முன்பைப்போல் ஏறவில்லை. டாக்டர் சிரித்தார். மாமாவுக்கு ஏமாற்றம். "போன மட்டம் இன்னும் மேல போச்சே, கருவி கெட்டுப்போச்சா?" என்றார்.

இப்படியிருக்கும்போதுதான் அத்தையின் தம்பி மகளுக்குக் கல்யாணம் வந்தது. உப்பு பார்க்க மாமாதான் போக வேண்டும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. கல்லடுப்பில் பால் பொங்குமா, பாம்பு வருமா, பந்தல்கால் சாயுமா என்று ஆயிரத்தை யோசிக்கிறவள், இந்த ஒன்றை யோசிக்கவில்லை.

முகூர்த்தம் முடிந்ததும் பிள்ளைக்கு வெந்நீர் கேட்டு ஆக்குப்புரைப் பக்கம் போனேன். மாமா உள்ளே நின்றார். தவசிப்பிள்ளை அவியலில் ஒரு சொட்டு எடுத்து அவர் உள்ளங்கையில் விட்டார். மாமா நக்கினார். முகம் சுருங்கிற்று.

"என்னவே இது! கடலைக் கோரி ஊத்தினீரா?"

"அண்ணாச்சி, வழக்கம்போல முக்கால்தான் போட்டிருக்கேன்."

"இது முக்காலா? சாம்பாரைக் கொண்டாரும். ... தூ! இதுவும் கரிக்குது. ஒரு குடம் வெள்ளம் ஊத்தும்."

"அண்ணாச்சி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க..."

"ஓய், நான் உப்புப் பாக்க வந்தேனா, இல்ல நீரு எனக்கு உப்புப் பாக்க வந்தீரா?"

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. நாலு மாதம் அரை உப்பில் பழகிய நாக்கு அது. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அத்தனை ஆண்களுக்கு நடுவில் மருமகள் வாய் திறந்து மாமனார் சொல்வது தப்பு என்பதா? ஒருவேளை தவசிப்பிள்ளை நிஜமாகவே அள்ளிப் போட்டிருந்தால்? நக்கிப் பார்க்கலாமென்றால், பந்திக்கு முன்னால் பெண்பிள்ளை ஆக்குப்புரையில் கைநீட்டலாமா? நான் இப்படி முன்னும் பின்னும் போய்வருவதற்குள் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள்.

முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்தார்கள். இலையின் ஓரத்தில் வழக்கமாகக் கொஞ்சம் உப்பு வைப்போமே, பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. அன்று முதல் பிடிச் சோற்றிலேயே அது தீர்ந்துபோயிற்று. "உப்பு!" என்றது ஒரு குரல். "இங்க உப்பு!" என்றது இன்னொன்று. "தம்பி, உப்பு! இந்த வரிசைக்கு வரவே இல்ல!" பிரதமன் பாயசத்துக்குக்கூட ஒரு பந்தியில் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. உப்புக் கிண்ணம் வைத்திருந்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"உப்பளம் ரெண்டு கூப்பிடு தூரத்துல கெடக்கு, பொண்ணு வீட்டுக்கு வழி தெரியல்ல போல!"

"நாடெல்லாம் உப்புக்காக ஜெயிலுக்குப் போவுது. இங்க அவியலே சத்தியாக்கிரகம் இருக்கு!"

பந்தி முழுவதும் சிரிப்பு. பெண்ணின் அப்பா, அதாவது அத்தையின் தம்பி, வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். "அத்தான், உப்பே இல்லியே! பாத்தியளா இல்லியா?" தவசிப்பிள்ளை கூரை ஓலையை எண்ணிக்கொண்டு நின்றார். மாமா கரண்டியை எடுத்து, மறுபடியும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். மறுபடியும் முகம் சுருங்கிற்று. கரண்டியை வைத்துவிட்டுக் கவிழ்த்துப் போட்டிருந்த உருளியின்மேல் உட்கார்ந்தார். வலது கையால் இடது கையைக் கிள்ளிக்கொண்டார்.

நான் பிள்ளையை அத்தையிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

"மக்கா, வந்துட்டு" என்றார் மெல்ல.

"என்னது மாமா?"

"டாக்டர் சொன்னாரே, அதாக்கும். நாக்குல ஏறீட்டு. ஊருக்கெல்லாம் சப்புன்னு இருக்கு, எனக்கு மட்டும் கரிக்குது. நாக்குப் போச்சு. இனி கை போவும், பேச்சுப் போவும். பிள்ளையைப் பேரு சொல்லிக் கூப்பிட முடியாது."

அவர் பயந்து நான் பார்த்ததில்லை. காரணம் தெரிந்த எனக்கே, நிஜமாகவே வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஆகிவிட்டது. பயமே அழுத்தத்தை ஏற்றிவிடாதா? நானே கொன்றவள் ஆகமாட்டேனா?

"ரெண்டு கையையும் தூக்குங்க" என்றேன்.

"எதுக்கு?"

"தூக்குங்க மாமா!" அவரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. திடுக்கிட்டு இரண்டையும் தலைக்குமேல் தூக்கினார். ஒரே உயரம். "பல்லைக் காட்டுங்க." காட்டினார். நேராக இருந்தது. "பேசுங்க."

"என்னத்தைப் பேச?"

"நம்ம வயல் பேரெல்லாம் வரிசையாச் சொல்லுங்க."

"ஆலடிவயல், நெடுந்தட்டு, கோயில்பத்து, குளத்தடி, அதுக்கு மேக்க சின்னப்பத்து..." ஒரு எழுத்துக்கூடக் குழறவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"உங்களுக்கு ஒண்ணும் வரல்ல. நாக்கு நல்லாத்தான் இருக்கு. நாலு மாசமா நான் உங்களுக்குப் பாதி உப்புத்தான் போடுதேன்."

கையை இறக்காமலே என்னைப் பார்த்தார். "எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"மோருல?"

"மோருலயும்."

"நார்த்தங்கா?"

"கழுவிப் பிழிஞ்சு..."

"நார்த்தங்காயைக் கழுவினியா!" உப்பைக்கூட அவர் மன்னித்திருப்பார் என்று எனக்கு அப்போது தோன்றியது. வாய் நடுங்கிற்று. கோபமா என்று பார்த்தால், வயிறு குலுங்கிற்று. அப்புறம் அடக்க முடியாமல் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வர, தூக்கிய கையோடு சிரித்தார். இவ்வளவு சிரிக்கலாமா, டாக்டர் சிரிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று நான் கவலைப்பட்டேன்.

ஆக்குப்புரை பந்தலைப் பார்த்துத் திறந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா பந்தியிலிருந்து இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கை கழுவாமலே ஓடிவந்தார். கழுத்தே தெரியாத, சிவந்த, பருத்த மனிதர். "அண்ணாச்சி, கையை எறக்குங்க! ஒரு உப்புக்காகப் பெரியவங்க இப்படித் தலைக்குமேல கும்பிடலாமா? நாங்க சும்மா ஒரு வெளையாட்டுக்குச் சொன்னோம்!"

"கும்பிடல்ல" என்றார் மாமா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "தலையில வாதம் அடிச்சிருக்கான்னு மருமக சோதிச்சுப் பாக்கா."

"கையைத் தூக்கினா தெரியுமா?"

"தெரியும். ரெண்டும் ஒருபோல நிக்கணும்."

அவர் என்னைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துக் கேட்டார். "எனக்குக் காலைல எந்திரிச்சா கிறுகிறுன்னு வருது. அப்பம் நானும்...?" மாமா அவருடைய எச்சில் கையையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்தார். "பல்லைக் காட்டும். வயல் பேரு சொல்லும்." இதைப் பார்த்து அவருடைய அண்ணன் வந்தார், அண்ணனின் சம்பந்தி வந்தார். பந்தி முடித்து வந்த கிழவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஆக்குப்புரைக்கு வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது, பட்டு நேரியல் போட்ட ஏழெட்டுப் பெரியவர்கள் வரிசையாக நின்று இரண்டு கையையும் தூக்கி, பல்லைக் காட்டி, அவரவர் வயல்களின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். மணப்பெண் மாலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த இடைவேளையில் தவசிப்பிள்ளை மீதி உப்பை அண்டாக்களில் போட்டுவிட்டார். அடுத்த பந்தி நன்றாக இருந்தது என்று சொன்னார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா அடுத்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனார். அவருக்குப் பாதரசம் மாமாவுக்கு ஏறியதைவிட மேலே போயிற்றாம். மாமாவுக்கு அதில் கொஞ்சம் பொறாமை.

வீட்டுக்கு வந்ததும் மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவர், இலையைத் தொடாமல், "கள்ளத்தனம் வேண்டாம். சொல்லிட்டுச் செய்யணும்" என்றார்.

"சொன்னா தின்னுவியளா, மாமா?"

"தின்னமாட்டேன். சண்டை போடுவேன். ஆனாலும் சொல்லணும். எனக்க நாக்கு, எனக்குத் தெரியாமலே ஊரு மாறிப் போயிருக்கு." பிறகு, "அந்த உருளியில இருந்தப்பம் நான் நெனச்சது உப்பைப் பத்தி இல்ல" என்றார்.

நான் சொன்னேன். இதில் பாதி உப்பு, இனியும் பாதிதான். வேண்டுமானால் உப்பு அந்தச் சிரட்டையில் இருக்கிறது, நான் தடுக்கமாட்டேன். சொல்லிவிட்டு உடனே, தடுக்கமாட்டேன் என்று ஏன் சொன்னோம் என்று வருந்தினேன். அவர் சிரட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சோற்றைப் பிசைந்து சண்டையைத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு அவர் கல்யாண வீடுகளில் உப்பு பார்ப்பதில்லை. தவசிப்பிள்ளைகள் கூப்பிட்டால், "எனக்க நாக்கு வேற ராஜ்ஜியத்துல இருக்கு" என்று சொல்லிவிடுவார். ஆக்குப்புரைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார். அது அவருக்கு வருத்தம்தான். எனக்குத் தெரியும். அவர் சாப்பாட்டில் கைவைத்தது சரியா என்று நான் வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் மத்தியானம் அவர் சாப்பிட உட்காருவார். "இதென்ன குழம்பா, கெணத்துத் தண்ணியா? இந்தக் கீரையை எந்த ஆஸ்பத்திரியில பறிச்சே? ஏட்டி, உங்க அப்பா வீட்டுல உப்புக்குப் பஞ்சமா?" என்று ஆரம்பித்தால், மோர் ஊற்றுகிற வரையில் ஓயமாட்டார். அத்தை பதிலுக்குப் பதில் கொடுப்பார். நான் மட்டும் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்று முழுவதையும் கேட்பேன். ஒரு வார்த்தைகூட இழுபடுவதில்லை. எல்லாம் பளிச்சென்று வந்து விழும். கேட்டு முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று இன்னொரு கரண்டி குழம்போடு போவேன்.